ஒன்றுமில்லை என்று ஒரு சத்தியம்

அத்தியாயம் பதினொன்று

லொறியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. லொறி நின்ற இடத்தில் எண்ணெய் சிந்திய கறுப்பு மட்டும் கிடந்தது. மனோன்மணி அதில் சாம்பலைப் போட்டுக் கூட்டினார். போகவில்லை.

நிதிக் கொம்பனி லொறியை விற்றது. விற்ற பிறகும் இருபத்திமூன்று இலட்சம் கடன் மிச்சம் என்றது. வாடகைக்கு விட்ட மணவறை, மின்விளக்குகள், செற்றிகள் எல்லாம் ஏற்கெனவே கைமாறியிருந்தன. கலியாண அலங்காரம் செய்யும் தொழிலை மகள் ஜெனிற்றா தொடங்கியபோது அவளுக்கு இருபத்திமூன்று வயது. அடுத்த வருடமே டீசல் இல்லை, மின்சாரம் இல்லை, வட்டி இரண்டு மடங்கு. இப்போது இருபத்தெட்டு. பருத்தித்துறையில் ஒரு மருந்துக்கடையில் வேலை.

வழிகள் இருந்தன. ஒவ்வொரு வழியிலும் யாரோ ஒருவர் நின்றார்.

கொம்பனி தவணையை மாற்றித் தரும். ஏழு வருடம், மாதம் ஐம்பத்தாறாயிரம். மருந்துக்கடையில் அவளுக்குக் கிடைப்பது நாற்பது. ருமேனியாவுக்கு அனுப்ப ஓர் ஏஜென்ற் தயாராக இருந்தான். அவனுக்குக் கொடுக்க வேறு கடன் வாங்க வேண்டும்.

கடைசியாக இருந்தது வங்குரோத்து.

சனிக்கிழமை சட்டத்தரணி உதயகலா அதை நிதானமாக விளங்கப்படுத்தினார். மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். பெயர் பத்திரிகையில் வரும். அதன் பிறகு வட்டி வளராது, வீட்டுக்கு ஆள் வராது.

"பிணை வைச்ச ஆள்?" என்று கேட்டாள் ஜெனிற்றா.

"அவவுக்கு உது பாதுகாப்பில்லை. உம்மட்டை எடுக்க ஏலாததை அவவிட்டை எடுப்பினம்."

பிணை வைத்தவள் ஜொய்சி. பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கில் இருந்தவள். இப்போது அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கடன் எடுத்த அன்று மத்தியான இடைவேளையில் வந்து, வாசிக்காமல், நின்றபடியே கையெழுத்து வைத்துவிட்டு ஓடினாள். அவளுடைய சம்பளத்தில் அவளும் தாயும் இருந்தார்கள்.

ஜெனிற்றா கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். வட்டி நின்றால் ஜொய்சியின் சம்பளத்தில் வெட்டுவதை மாதம் மாதம் அவளிடமே கொடுத்துவிடலாம். எத்தனை வருடம் எடுத்தாலும். அதில் ஒரு நியாயம் இருந்தது. ஜொய்சிக்கு அதைச் சொல்வதுதான் மிச்சம்.

திங்கட்கிழமை கையெழுத்து.

*

ஞாயிற்றுக்கிழமை சபையில் அறுவடை விழா.

"அப்பா, இண்டைக்கு ஏலத்திலை ஒண்டும் கேட்காதேங்கோ."

எட்வேர்ட் கண்ணாடிக்கு முன்னால் நின்று சேட்டின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார். பிரதி அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். வெயிலிலும் அந்தப் பொத்தானைப் பூட்டுவார்.

"கேட்கயில்லை."

"முதல் சாமானையும்."

"அதுதான் சொல்லிப்போட்டனே."

மனோன்மணி முட்டைகளை வைக்கோல் போட்ட பெட்டியில் அடுக்கினார். "எங்கடை முட்டையை வேறை ஆக்கள் கேட்கட்டும். நீங்கள் சும்மா இருந்து பாடிப்போட்டு வாங்கோ."

"நான் எப்ப பாடாமல் வந்தனான்?"

"பாடுறதிலை ஒருக்காலும் குறையில்லை. பக்கத்திலை நிக்கிற ஆக்களுக்குத்தான் கஷ்டம்."

எட்வேர்ட் சிரிக்கவில்லை. ஆனால் பூட்டிய பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

ஆராதனை முடிந்ததும் சனம் முற்றத்துக்கு வந்தது. காணிக்கையாக வந்தவை மேசையில் இருந்தன. பூசணி, மரவள்ளி, வெங்காயப் பிடி, பயற்றங்காய், மூன்று வாழைக்குலை, முட்டை, கேக். ஏலம் போகும் காசு சபைக்கு. இருநூறு ரூபா பூசணி இரண்டாயிரத்துக்குப் போகும். அதை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. சாமானுக்கு ஒருவரும் கேட்பதில்லை. கொடுப்பதற்குக் கேட்கிறார்கள்.

முதல் சாமான் எப்போதும் எட்வேர்ட்டுக்கு. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. பல வருடமாக அவர் கேட்பார், மற்றவர்கள் மரியாதைக்கு ஒன்றிரண்டு தரம் ஏற்றிவிட்டு விட்டுவிடுவார்கள்.

பிலிப்பு ஏலம் கூறினார். மீன் சந்தையில் கூறிப் பழகிய குரல். இந்த வருடம் அவர் முதலில் தூக்கியது ஒரு சேவல். கால் கட்டியிருந்தது.

"வடிவாய்ப் பாருங்கோ. கூவும், கொத்தும். பாடகர் குழுவிலை மட்டும் சேராது. அங்கை ஏற்கெனவே இடமில்லை."

சனம் சிரித்தது. பாடகர் குழுவின் வெள்ளைச் சேலையில் நின்ற ஜொய்சியும் சிரித்தாள். ஜெனிற்றாவைக் கண்டு கையைக் காட்டினாள். பின்னேரம் வருகிறேன் என்ற சைகை. ஜெனிற்றா தலையாட்டினாள். வரச்சொல்லி அவள்தான் காலையில் செய்தி அனுப்பியிருந்தாள்.

"ஆயிரம்," என்றார் ஒருவர்.

பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் எட்வேர்ட்டைப் பார்த்தார்கள். எட்வேர்ட் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"சேர், சேவல் உங்களைத்தான் பாக்குது," என்றார் பிலிப்பு.

"மற்ற ஆக்களும் எடுக்கட்டும்."

"மற்ற ஆக்களுக்கு வெக்கம் சேர். ஆயிரம், ஒருதரம்."

"ஐயாயிரம்."

குரல் கேற்றடியிலிருந்து வந்தது. மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு கோபிசங்கர் நின்றான். நிதிக் கொம்பனியின் அறவீட்டு உத்தியோகத்தன். லொறியின் திறப்பை ஜெனிற்றாவின் கையிலிருந்து வாங்கியவன். அதை ஒழுங்கை முழுக்கப் பார்த்திருந்தது.

முற்றத்தில் சத்தம் குறைந்தது. எட்வேர்ட் திரும்பிப் பார்த்தார். அவனுக்குக் கணிதம் படிப்பித்தவர் அவர்.

"ஆறு," என்றார்.

"அப்பா," என்றாள் ஜெனிற்றா.

"எட்டு," என்றான் கோபிசங்கர்.

"பத்து."

"பன்ரண்டு."

பிலிப்புவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ரண்டு பேரும் ஒரே வகுப்பறை. வாத்தியாரும் மாணாக்கனும். பன்ரண்டு, ஒருதரம்."

"பதினைஞ்சு."

மனோன்மணி எட்வேர்ட்டின் சேட்டுக் கையைப் பிடித்தார். அவர் கையை எடுத்துக்கொண்டார். கோபிசங்கர் பதினெட்டு என்றான். அதன் பிறகு அவனுக்கே போதும் போலிருந்தது. தலையைச் சொறிந்தான். எட்வேர்ட்டுக்கு அது தெரியவில்லை. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருபத்தெட்டு," என்றார்.

ஒருவரும் கேட்காத இடத்துக்குத் தானே போய் நின்றார். பிலிப்பு மூன்று தரம் கூறி முடித்தார். சனம் கை தட்டியது. சேவலைக் கொண்டுவந்து எட்வேர்ட்டின் கையில் கொடுத்தார்கள். அவருக்கு அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை.

*

தண்ணீர்க் குழாயடியில் கோபிசங்கர் அவளைப் பிடித்தான்.

"ஜெனிற்றா, நான் வேணுமெண்டு செய்யயில்லை."

"தெரியும் கோபி அண்ணை."

"என்ரை மனிசி இந்தச் சபைப் பிள்ளை. சபைக்கு ஏதும் குடுப்பம் எண்டு வந்தனான். ஐயாயிரத்தோடை சேர் சிரிச்சுப்போட்டு விடுவார் எண்டு நினைச்சன்."

"நீங்கள் கேட்டால் அவர் விடமாட்டார்."

"ஓம். அது இப்பதான் விளங்குது."

அவன் முகத்தைக் கழுவினான். கைலேஞ்சி இல்லை. கையாலேயே துடைத்துக்கொண்டான்.

"வங்குரோத்துக்குப் போகப் போறியாம்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பருத்தித்துறை சின்ன இடம். நான் குறுக்கை நிக்கமாட்டன். ஆனால் போன கிழமை மேலாளர் கேட்டவர், அந்த வீட்டிலை காசோட்டம் இருக்கோ எண்டு. இல்லையெண்டு எழுதினன். இண்டைக்கு இவ்வளவு சனத்துக்கு முன்னாலை இருபத்தெட்டாயிரத்துக்கு ஒரு சேவல். இனி நான் என்னத்தை எழுத?"

"உள்ளதை எழுதுங்கோ. அவர் பென்சன்காரன். அடுத்த மாதம் நாங்கள் மீன் சாப்பிடமாட்டம்."

அவன் குழாயைப் பூட்டினான். அது சொட்டியது. இன்னும் இறுக்கினான்.

"செவ்வாய்க்கிழமை ஜொய்சியின்ரை பள்ளிக்கூடத்துக்குப் போறன். சம்பளத்திலை வெட்டுறதுக்கு அதிபரிட்டைக் கடிதம் குடுக்க வேணும். நீ மனுப் போட்டாலும் போகத்தான் வேணும், போடாட்டிலும் போகத்தான் வேணும். நான் போறதுக்கு முதல் நீ சொல்லிப்போடு. அதிபரின்ரை அறையிலை வைச்சு அவ என்னட்டை அறியக்கூடாது."

"வேறை வழி இல்லையோ?"

"ஈடு வைக்க உன்ரை பேரிலை காணி, வீடு ஏதும் இருந்தால் பிணைகாரியை விட்டிடுவம். உன்னட்டை அது இல்லையே."

"இல்லை," என்றாள் ஜெனிற்றா.

*

மத்தியானம் மூவரும் சாப்பிட இருந்தார்கள். சேவல் குசினிக்குப் பின்னால் மாமரத்தில் கட்டிக் கிடந்தது.

எட்வேர்ட் தானே தொடங்கினார்.

"கேட்காமல் நிண்டால் எல்லாருக்கும் விளங்கும்."

"என்ன விளங்கும்?" என்றார் மனோன்மணி.

"எங்களிட்டை இல்லையெண்டு."

"லொறியைத் தூக்கேக்கை ஒழுங்கை முழுக்கச் சனம் நிண்டது. அப்ப விளங்காததே இண்டைக்கு விளங்கப் போகுது?"

"அது அவளின்ரை தொழில். இது என்ரை பேர்."

ஜெனிற்றா சாப்பிட்ட கோப்பையில் கையைக் கழுவினாள். அவள் இதை ஆறுதலாகச் சொல்லவென்று வைத்திருந்தாள். ஆறுதலான நேரம் இனி வரப்போவதில்லை.

"நாளைக்கு நான் வங்குரோத்து மனுவிலை கையெழுத்து வைக்கப் போறன். பேர் பேப்பரிலை வரும். உங்கடை பேரும் தகப்பன் பேரெண்டு வரும். இப்பவே சொல்லிப்போட்டன்."

எட்வேர்ட் சோற்றைப் பிசைந்த கையை அப்படியே வைத்திருந்தார்.

"வேறை ஒண்டும் இல்லை," என்றாள் அவள். "ஒரு சத்தியக் கடதாசி. என்ரை பேரிலை ஒண்டும் இல்லையெண்டு. அவ்வளவுதான்."

மனோன்மணி எட்வேர்ட்டைப் பார்த்தார். எட்வேர்ட் இல்லை என்று தலையை ஆட்டினார். சின்ன அசைவு. ஜெனிற்றா அதைக் கண்டாள்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. சாப்பிடு," என்றார் எட்வேர்ட்.

"நான் சாப்பிட்டு முடிஞ்சுது. என்னம்மா?"

மனோன்மணி எழும்பி, குசினிக் கதவு வரைக்கும் போய், திரும்பி வந்து இருந்தார்.

"இந்த வீடு உன்ரை பேரிலைதான் கிடக்கு."

வெளியே சேவல் சிறகடித்தது.

"நான் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலை ஒப்பரேசனுக்கு இருந்தனெல்லே. உனக்கு அப்ப பதினாறு. எனக்குத் தந்த சீதன வீடு, உனக்குத்தானே வர வேணும். நான் செத்துப்போனால் பிறகு இழுபறி எண்டு முதலே எழுதிப்போட்டம். நீ சின்னப் பிள்ளை எண்டபடியால் மாமா உனக்காக ஏற்றுக் கையெழுத்து வைச்சவர்."

"பன்ரண்டு வருஷம்."

"கலியாணத்தண்டு சொல்லுவம் எண்டுதான் இருந்தனாங்கள்."

"ஏன் சொல்லயில்லை?"

"வீடு இருக்கெண்டு தெரிஞ்சால் நீ படிக்கமாட்டாய் எண்டு அப்பா சொன்னவர்."

ஜெனிற்றாவுக்குச் சிரிப்பு வந்தது. நிற்கவில்லை. கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"நீங்கள் ரண்டு பேரும் இருக்கும் வரைக்கும் இதிலை இருக்கலாம் எண்டாவது எழுதினதோ?"

எட்வேர்ட் சொன்னார்.

"நொத்தாரிசு கேட்டவர். சீவிய உரித்து வைக்கட்டோ எண்டு. வேண்டாமெண்டிட்டன். பெத்த பிள்ளையிட்டை எழுதி வாங்கிக்கொண்டோ இருக்கிறது?"

"நான் சாகப்போறன், எனக்கென்னத்துக்கு எண்டு நானும் சொன்னனான்," என்றார் மனோன்மணி. "ஆர் கண்டது, பிழைச்சு வருவன் எண்டு."

அவர் பிழைத்து வந்ததற்கு மன்னிப்புக் கேட்பது போல அது இருந்தது.

ஜெனிற்றா சுவரைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடமாகப் பார்த்த சுவர். மனுப் போட்டால் இதையும் அதில் காட்ட வேண்டும். காட்டினால் போகும். காட்டாவிட்டால் பொய்ச் சத்தியம். மனுப் போடாமல் இதை ஈடு வைக்கலாம். மாதம் ஐம்பத்தாறாயிரம் கட்ட முடியாதவள் ஈட்டை மீட்கப் போவதில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தால் செவ்வாய்க்கிழமை கோபிசங்கர் பள்ளிக்கூடத்துக்குப் போவான்.

காலையில் அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. காலையில் அவள் கொஞ்சம் இலேசாக இருந்தாள்.

"உனக்குத் தெரியாதுதானே," என்றார் எட்வேர்ட்.

"என்ன?"

"சட்டத்தரணியோடை கதைக்கேக்கை உனக்குத் தெரியாது. அப்ப சொன்னது பொய்யில்லை. நாளைக்கும் அதையே சொல்லு. அந்த வீட்டு உறுதிப் பத்திரம் பழசு. ஆர் போய்த் தேடப் போகினம்?"

ஜெனிற்றா தகப்பனைப் பார்த்தாள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்தாள் என்று எட்டாம் வகுப்பில் அவளை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி வைத்தவர் அவர். சொந்த மகள் என்று பார்க்கவில்லை. அதைச் சபையில் இன்னும் பெருமையாகச் சொல்வார்கள்.

"அப்பா, அது சத்தியக் கடதாசி. பைபிளிலை கை வைக்க வேணும்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ சொல்லுறீங்கள்?"

"கொம்மா எங்கை போவா?" என்றார் எட்வேர்ட். அவருடைய குரல் உயரவில்லை. "எனக்கு அதைச் சொல்லு. நான் எங்கையும் கிடப்பன். கொம்மா எங்கை போவா?"

"என்னைச் சாட்டாதேங்கோ," என்றார் மனோன்மணி. "ஜொய்சியின்ரை தாய் எங்கை போவா எண்டும் ஒருக்கால் கேளுங்கோ."

"நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இப்ப இந்தக் கதையே இல்லை."

"ஓம். பன்ரண்டு வருஷம் மூடினது போதும்."

எட்வேர்ட் எழும்பி விறாந்தைக்குப் போனார். சோறு கோப்பையில் காய்ந்தது.

*

ஜொய்சி நாலரைக்கு வந்தாள். சேலை மாற்றி, சட்டை போட்டிருந்தாள். சைக்கிளை மதிலில் சாத்தினாள். விறாந்தையில் எட்வேர்ட் இருந்தார்.

"அங்கிள், சேவல் சுகமோ?"

"இருக்குது பிள்ளை."

"நான் நினைச்சன் நீங்கள் விடமாட்டீங்கள் எண்டு. பிலிப்பு மாமா அடுத்த வருஷமும் கோபிசங்கரைக் கூப்பிடப் போறாராம்."

அவர் சிரிக்க முயன்றார். ஜெனிற்றா வெளியே வந்தாள். மனோன்மணி உள்ளே கதவோரத்தில் நின்றார்.

"என்னடி, அவசரமாய் வரச்சொன்னாய்."

ஜெனிற்றா இரண்டு நாளாக வசனங்களை அடுக்கி வைத்திருந்தாள். வட்டி நிற்கும், மாதம் மாதம் உன்னிடம் தருவேன், எத்தனை வருடம் எடுத்தாலும் தருவேன். அந்த வசனங்கள் எல்லாம் என்னிடம் ஒன்றுமில்லை என்று தொடங்கின.

"நாளைக்கு வங்குரோத்து மனுப் போட இருந்தனான்," என்றாள். "போட்டால் கடன் உன்னட்டை வரும். செவ்வாய்க்கிழமை கோபி அண்ணை உன்ரை அதிபரிட்டை வருவார். எப்பிடியும் வருவார்."

ஜொய்சியின் முகம் மாறவில்லை. சைக்கிள் திறப்பைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போனனான். அம்மாவின்ரை கண் ஒப்பரேசனுக்கு ஒரு சின்னக் கடன் கேட்க. என்ரை பேரிலை ஒரு பிணை நிலுவையிலை கிடக்கு, தரேலாது எண்டிச்சினம்."

"ஏன் எனக்குச் சொல்லயில்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான்."

ஒழுங்கையில் ஐஸ்கிரீம் வான் பாட்டோடு போனது.

"இப்ப சொல்லிப்போட்டாய். சரி," என்றாள் ஜொய்சி. "வெட்டட்டும். கையெழுத்து வைச்சது நான்தானே. உன்னட்டை இருந்தால் தருவாய். இல்லாத ஆளோடை என்னத்தைக் கதைக்கிறது?"

எட்வேர்ட் கதிரையில் நிமிர்ந்தார். அவர் ஜெனிற்றாவைப் பார்க்கவில்லை. முற்றத்தைப் பார்த்தபடி, மிக மெதுவாக, தலையை ஆட்டினார். மத்தியானம் ஆட்டியது போலவே.

"இருக்குது," என்றாள் ஜெனிற்றா.

"என்ன?"

"இந்த வீடு என்ரை. என்ரை பேரிலை உறுதி கிடக்கு. மத்தியானம்தான் எனக்கே தெரியும். அம்மா அப்பாவுக்கு இதிலை ஒரு உரித்தும் இல்லை. ஈடு வைச்சால் உன்னை விட்டிடுவினம். என்னாலை கட்டேலாது, வீடு போகும்."

ஜொய்சி வீட்டைப் பார்த்தாள். கூரை, தூண், ஜன்னல். சின்ன வயதிலிருந்து வந்து போன வீட்டை முதல்தரம் விலை பார்ப்பது போல இருந்தது. அது அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். பார்வையை எடுத்தாள்.

"இதை ஏன் எனக்குச் சொன்னாய்?"

"உனக்குத் தெரியாமல் உன்ரை சம்பளத்தை வெட்ட விடேலாது."

"இப்ப தெரிஞ்சு விட வேணும். அது சுகமோ?" சைக்கிள் திறப்பை உருட்டுவதை நிறுத்தினாள். "செவ்வாய்க்கிழமை கோபிசங்கர் வந்து, அவளிட்டை ஏதும் இருக்கோ எண்டு என்னைக் கேட்பார். நான் என்ன சொல்லுறது? இல்லையெண்டால் என்ரை அம்மாவின்ரை கண். ஓம் எண்டால் உன்ரை அம்மாவின்ரை வீடு. நீ உன்ரை நெஞ்சிலை கிடந்ததைத் தூக்கி என்னிலை வைச்சிட்டாய்."

ஜொய்சி சொன்னது சரி.

மனோன்மணி வெளியே வந்தார்.

"பிள்ளை, எங்களைப் பார்த்து நீ பொய் சொல்ல வேண்டாம்."

"அன்ரி, வீடு போனால் எங்கை இருப்பீங்கள்?"

"தெரியாது."

"அங்கிள்?"

எட்வேர்ட் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். கழற்றி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பக்கத்து வீட்டில் யாரோ கிணற்றடியில் வாளியை வைக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் அள்ளும் சத்தம் வரவில்லை.

ஜொய்சி மதிலைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள். உள்ளே போய், சாப்பாட்டு மேசையில், காய்ந்த சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தாள். மூவரும் அவளுக்குப் பின்னால் வந்தார்கள்.

"அங்கிள்," என்றாள், "கதவைச் சாத்துங்கோ."

எட்வேர்ட் கதவைச் சாத்தினார்.

"இந்த உறுதியைப் பற்றி வேறை ஆருக்குத் தெரியும்?"